சாறு வற்றாத பீஃப் ரோஸ்ட்: முழுத் துண்டாக வீட்டிலேயே சுட ஒரு முழுமையான வழிகாட்டி

பீஃப் ரோஸ்ட் என்றதும் தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் போட்டுச் சுருளச் சுருள வதக்கி எடுப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இது அது இல்லை. ஒரு கிலோ கறியை வெட்டாமல் அப்படியே ஓவனில் சுட்டு, கடைசியில் மெல்லிசாக அரிந்து பரிமாறுவது.

சேலத்தில் என் வீட்டிலும், ஏற்காட்டில் அண்ணன் வீட்டிலும் பலமுறை செய்தாயிற்று. கேட்டவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்ததும் உண்டு. புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது சமைக்கத் தெரியாததால் இல்லை, குழம்பு வைக்க நன்றாகத் தெரிந்ததால். அன்று காலையில் அறுத்த கறி, நாலு தண்ணீர் அலசல், இஞ்சி பூண்டு விழுது, ஆறு விசில். குழம்புக்கு எல்லாமே சரி. ரோஸ்ட்டுக்கு ஒவ்வொன்றும் கேடு.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஞாயிறு மதியம் சாப்பாடு என்றால் கறி வெள்ளிக்கிழமை காலையே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சனி மாலை உப்பு. ஞாயிறு பத்தேகாலுக்கு ஓவனைச் சூடேற்றி, பதினொன்றுக்குக் கறி உள்ளே போனால், பன்னிரண்டு வாக்கில் வெளியே வரும். இருபது நிமிடம் ஆறி, பன்னிரண்டரைக்கு வெட்டலாம்.

ஞாயிறு காலையில் கறி வாங்கி மதியம் ரோஸ்ட் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அன்றைக்குக் குழம்பே வையுங்கள், நன்றாக இருக்கும்.

பொங்கல் லீவில் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தை 2 திருவள்ளுவர் தினம், கறிக்கடை திறக்காது. விருந்துக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு அன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போன என் சித்தி மகன், திரும்பும்போது முட்டையோடு வந்தான்.

2. கையில் இருக்க வேண்டியவை

கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. இதில் மட்டும் சமாதானம் கிடையாது. சாறு நிற்பதும் போவதும் ஐந்தாறு டிகிரி வித்தியாசத்தில்தான் இருக்கிறது, அதைக் கண்ணாலோ விரலாலோ பிடிக்க முடியாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகுமா என்று ஒருவர் கேட்டார். அது 42 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும், கண்ணாடிக் குழாயாக இருந்தால் வெடித்துப் பாதரசம் கறியில் கொட்டும். கூடவே கூடாது.

அப்புறம் ஒரு ஓடிஜி, அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன், 25 லிட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. கனமான இரும்பு வாணலி ஒன்று. தோசைக்கல்லிலும் செய்யலாம்தான், ஆனால் மறுநாள் தோசை ஒட்டிக்கொண்டால் வீட்டில் சண்டை வரும். கம்பித் தட்டு, அடியில் வைக்க ஒரு டிரே, நீளமான கூர்க்கத்தி, சமையலறைத் தராசு, பருத்தி நூல். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிப் பக்கம் போனால் மிளகும் நூலும் ஒரே நடையில் முடிந்துவிடும். பூக்கட்டும் வெள்ளை நூலை நாலாக முறுக்கினால் போதும். நைலான் உருகும். வாழைநாரில் கட்டிப் பார்த்தேன், பாதியில் கருகி அறுந்துவிட்டது.

3. கடையில் என்ன கேட்பது

பாதி வெற்றி இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டிய, இறைச்சிக்காகவே வளர்த்த மாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்க் கதை வேறு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாகப் பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும். அதாவது உழைத்துக் களைத்த மாடு. வயது ஏற ஏறத் தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு இறுகிக்கொண்டே போகும். எனவே, இணையத்தில் பார்த்த நேரக் கணக்கை நம் ஊர்த் தொடைக்கறிமேல் அப்படியே போட்டால் செருப்புத் தோல்தான் கிடைக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அண்டர்கட். முதுகெலும்புக்கு அடியில், இடுப்போரமாக ஓடும் நீளத் தசை. மாடு எவ்வளவு இழுத்தாலும் நடந்தாலும் இந்தத் தசைக்கு வேலை குறைவு, அதனால் கிழட்டு மாட்டிலும் மிருதுவாகவே இருக்கும். முதல்முறை செய்பவர்கள் வேறு எதையும் தொட வேண்டாம். விலை கூடுதல்தான். முந்தின நாளே சொல்லி வையுங்கள், ஓட்டல்காரர்கள் விடியற்காலையிலேயே வாங்கிப் போய்விடுவார்கள்.

கடையில் கவனம் தப்பினால் ஒரு நொடியில் காரியம் கெட்டுவிடும், கத்தி தன் பழக்கத்துக்கு இறங்கிவிடும். “பாய், துண்டு போடாதீங்க, முழுசா வேணும்” என்று தராசில் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

“ஏனுங்க, முழுசாவா? எப்படி வேகும்?” என்றார் நான் வாங்கும் கடைக்காரர் முதல்முறை. இப்போது என் தலையைப் பார்த்ததும் அவரே தடித்த பக்கமாக எடுத்து வைக்கிறார்.

வாங்குவது தடித்த பக்கத்தில் ஒரு கிலோ, குறுக்கே ஏழெட்டு சென்டிமீட்டர் கனம். வாலாக மெலிந்து போகும் பக்கம் வேண்டாம், அது நடுப்பகுதி வேகுமுன் காய்ந்துவிடும். கூடவே ஒரு கைப்பிடி கொழுப்பும் கேளுங்கள். அண்டர்கட்டில் சொந்தக் கொழுப்பு கிடையாது.

4. இரண்டு நாள் சும்மா விடுங்கள்

அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு தானாக இளக ஒரு நாளுக்கு மேல் ஆகும். “இப்பத்தான் அறுத்தது, சூடாவே இருக்கு” என்று பெருமையாகச் சொல்லும் கறி ரோஸ்ட்டுக்கு ஆகாத கறி.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில், கம்பித் தட்டின்மேல் வைத்து மெல்லிய துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் தன் நீரிலேயே ஊறி வழவழக்கும். வீட்டு ஃப்ரிட்ஜைப் பால் எடுக்கவும் மாவு எடுக்கவும் நாள் முழுக்கத் திறக்கிறோம் என்பதால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் வேண்டாம். பச்சைக் கறிக்கு மேல்தட்டு ஆகாது, சொட்டினால் கீழே இருக்கும் எல்லாம் பாழ்.

ஃப்ரீசரில் நேராகப் போடுவது பெரிய தவறு. விறைப்பு ஏறுமுன் உறைந்த கறி, உருகும்போது முறுக்கிச் சுருங்கித் தன் நீரையெல்லாம் கக்கிவிடும்.

சேலத்தில் வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பெட்டி கட்டாயம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள், சித்திரை வெயிலில் கார் டிக்கி அடுப்பாகிவிடும்.

கழுவுவது பற்றி. அண்ணி முதல்முறை மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசி, அரைமணி நேரம் ஊறவும் வைத்துவிட்டார். கறி வெளிறி, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி நீர் சொட்டியது. அதை வாணலியில் போட்டால் சிவக்காது, அவியும். எலும்புத்தூள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள், பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கிருமி அடுப்பில் சாகும், குழாய்த் தண்ணீரில் சாகாது, சிங்க் முழுக்கத் தெறித்துப் பரவத்தான் செய்யும்.

5. சவ்வு, உப்பு, கட்டு

மேலே பளபளக்கும் வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் தூக்கி, கத்தியைச் சவ்வுப் பக்கமாகச் சாய்த்து உரித்தெடுங்கள். எத்தனை நேரம் சுட்டாலும் இந்தச் சூட்டில் அது வேகாது. சுருங்கித் துண்டையே வில்லாக வளைத்துவிடும்.

ஒரு கிலோவுக்கு 12 கிராம் உப்பு. தூள் உப்பானால் தலைதட்டி இரண்டு டீஸ்பூன். கல் உப்பைப் பொடித்துப் போட்டால் எடை பார்த்தே போடுங்கள், கரண்டிக் கணக்கு ஒத்துவராது. எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க.

உப்பு போட்ட அரைமணியில் மேலே நீர் கோத்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் வடித்துவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் அந்த உப்புநீரை கறியே திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்த உப்பு தசையின் புரதத்தை இளக்கி, சுடும்போது நீரைப் பிடித்து வைக்கும். காலையில் பார்த்தால் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். நேரமே இல்லையென்றால் வாணலியில் போடும் நிமிடத்தில் உப்புப் போடுங்கள். நீர் கோத்து நிற்கும் இடைநேரத்தில் சுடுவதுதான் மோசம்.

தயிர், எலுமிச்சை, பப்பாளிக்காய் எதுவும் வேண்டாம். முழுத் துண்டில் அவை சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. பப்பாளி மேல் தோலைக் கூழாக்கிவிடும், உள்ளே எப்போதும்போல இருக்கும்.

கட்டுமுன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதே திசையில் ஒரு பல்குச்சியை ஓரத்தில் செருகி வையுங்கள். சுட்டபின் நார் கண்ணுக்குத் தெரியாது. பிறகு இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு சுற்றாகக் கட்டுங்கள். எங்கும் ஒரே கனமாக உருண்டு இருந்தால்தான் எங்கும் ஒரே நேரத்தில் வேகும். இறுக்கிக் கட்டிச் சதையைப் பிதுக்க வேண்டாம்.

6. தெர்மாமீட்டரையும் ஓவனையும் சோதியுங்கள்

ஒரு டம்ளர் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரை நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதித்தால் சேலத்தில் 99 காட்டும், ஏற்காட்டில் 95 தான் காட்டும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான். இது தெரியாமல் அண்ணன் ஒரு நல்ல தெர்மாமீட்டரைக் குப்பையில் போட்டுவிட்டார்.

ஓடிஜியின் திருகை நம்பாதீர்கள். என்னுடையது 150-இல் வைத்தால் உள்ளே 175 இருக்கும். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு ஒருநாள் வெறும் ஓவனை ஓட்டிப் பார்த்து, 130 வரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

7. வாணலியில் நிறம் ஏற்றுதல்

மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய ஓவனை 130-இல் வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, இரும்பு வாணலியைப் புகை கிளம்பும்வரை காய வையுங்கள். கறியை ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதே எடுத்தால் போதும். “இரண்டு மணி நேரம் வெளியே வைக்கவும்” என்று எழுதியிருப்பதை சேலத்து மே மாதத்தில் செய்யாதீர்கள்.

இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, துண்டை வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். கிண்டிக்கொண்டே இருப்பது பொரியல் பழக்கம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். தானாக வாணலியை விட்டு வந்தால் திருப்பலாம், ஒட்டிப் பிடித்தால் இன்னும் ஆகவில்லை. இரண்டு முனையையும் நிறுத்திப் பிடித்து அரை அரை நிமிடம்.

இப்படிச் செய்தால் சாறு உள்ளே பூட்டப்படும் என்று சொல்வார்கள். பூட்டப்படாது. சுர்ரென்று கேட்கும் சத்தமே நீர் வெளியேறும் சத்தம்தான். நாம் இதைச் செய்வது நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டும். அந்தக் கரும்பழுப்பு வர மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100-ஐத் தாண்டாது. இவ்வளவு நேரம் துடைத்ததும் காயவைத்ததும் இதற்காகத்தான்.

எடுத்தபின் சூட்டோடு ஒரு ஸ்பூன் வெண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒன்றிரண்டாக இடித்த மிளகு மூன்று டீஸ்பூன் கலந்து பூசுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்தில் ஏறிப் படரும் கொடி மிளகு கிடைத்தால் அதையே வாங்குங்கள், காரத்துக்கு முன் மணம் வரும். மிளகையும் பூண்டையும் முன்னாடியே தடவினால் வாணலியில் கருகிக் கசக்கும். கொழுப்பை மெல்லிய தகடுகளாக அரிந்து மேலே போர்த்துங்கள்.

8. ஓவனுக்குள்

டிரேயில் வட்டமாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், கால் டம்ளர் தண்ணீர். அதன்மேல் கம்பித் தட்டு, அதன்மேல் கறி. டிரேயிலேயே கறியை வைத்தால் அடிப்பக்கம் அவிந்து, மேல்பக்கம் சுடும். வெங்காயமும் தண்ணீரும் சொட்டும் சாறு தீயாமல் பார்த்துக்கொள்ளும், கிரேவிக்கும் உதவும்.

ஒரு கிலோவுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். 35-ஆவது நிமிடத்தில் முதல்முறை குத்திப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து, தடித்த இடத்தின் சரியான நடுவுக்கு. மேலிருந்து குத்தி அடிவரை போய்விட்டால் ஓவன் சூட்டைத்தான் காட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்க வேண்டாம், ஒவ்வொரு திறப்புக்கும் சூடு மடமடவென்று இறங்கும்.

நடுவில் 60 காட்டியதும் எடுத்துவிடுங்கள். ஆறும்போது இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறி 63, 64-இல் நிற்கும். 65-ஐத் தாண்டினால் தசைநார்கள் ஈரத்துணியைப் பிழிவது போலச் சாற்றைப் பிழிந்து தள்ளத் தொடங்கும், 70-இல் பெரும்பகுதி டிரேயில் கிடக்கும். அதற்காக 55-இலேயே எடுக்கச் சொல்லும் குறிப்புகளையும் நான் பின்பற்றுவதில்லை. நாடாப்புழுக் கட்டிகள் கறிக்குள்ளே இருக்கக்கூடியவை, நடுப்பகுதி 60 டிகிரியைத் தொட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் நோயிலிருந்து தேறிவருபவர்களுக்கும் 71 வரை விட்டுச் சுடுங்கள். சாறு கொஞ்சம் போகும், போகட்டும்.

ஐப்பசி மழையில் ஒருமுறை ஏற்காட்டில் கறி 48 டிகிரியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அண்ணன் கதவைத் திறந்து பார்க்கத் துடித்தார், விடவில்லை. மூடிய ஓவன் தன் சூட்டிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தபோது 55. இன்னும் நேரமாகியிருந்தால் இரும்பு வாணலியில் கம்பித் தட்டை வைத்து, கறியை மேலே ஏற்றி, கனமான மூடி போட்டு, சிறு தீயில் முடித்திருப்பேன்.

9. ஆறவிடுங்கள், பிறகு வெட்டுங்கள்

இருபது நிமிடம். கம்பித் தட்டிலேயே, ஃபாயிலைக் கூடாரம்போல லேசாகப் போர்த்தி. இறுக்கிச் சுற்றினால் ஆவி அடித்து மேல்மொறுப்பு நமத்துவிடும். மார்கழியில் ஏற்காட்டில் ஃபாயிலின்மேல் ஒரு துண்டையும் போடுங்கள், இல்லாவிட்டால் தட்டுக்கு வரும்போது சில்லிட்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள். 63-ஐத் தொடவில்லை என்றால் ஐந்து நிமிடம் திரும்ப ஓவனில்.

சூட்டில் சாறு தண்ணீராக ஓடும் நிலையில் இருக்கும். கொஞ்சம் ஆறினால் கெட்டிப்பட்டுச் சதையோடு தங்கும். அவசரப்பட்டு வெட்டினால் பலகையில் குளம் கட்டும்.

நூலை அறுத்து, பல்குச்சி காட்டும் திசைக்குக் குறுக்கே, அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் முழு நீள நாரை மெல்ல வேண்டியிருக்கும். இதுவரை செய்தது அத்தனையும் இந்த ஒரு தவறில் வீணாகப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். “ரத்தமா இருக்கே” என்று யாராவது தட்டைத் தள்ளுவார்கள். அது ரத்தம் இல்லை, தசையின் நிறமிப் புரதம் கலந்த நீர். வாதாட வேண்டாம். அவர்கள் துண்டுகளை மட்டும் கொதிக்கும் கிரேவியில் முக்கி ஒரு நிமிடம் வைத்தால் பழுப்பாகிவிடும். என் மாமியாருக்கு அப்படித்தான். அவர் ஒருவருக்காக முழுத் துண்டையும் காயவிடத் தேவையில்லை.

10. டிரேயில் மிஞ்சியதில் கிரேவி

கறி ஆறும் நேரத்தில் முடிகிற வேலை. வெங்காயத்தையும் சாற்றையும் நிறம் ஏற்றிய அதே வாணலியில் கொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிக் கொதிக்கவிடுங்கள். இரண்டு ஸ்பூன் காப்பி டிக்காஷன் விட்டால் கறுத்து, ஆழமான ருசி வரும், காப்பி என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சிக்கரி கலக்காததாக இருக்கட்டும். கெட்டிக்கு ஒரு டீஸ்பூன் மரவள்ளி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். சேலத்துக்காரர்களுக்கு அதற்கா பஞ்சம்! கண்ணாடிபோலப் பளபளத்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மேலும் கொதித்தால் பசைபோல இழுபடும்.

11. தொடைக்கறிதான் கிடைத்தது என்றால்

மேலே சொன்ன 60 டிகிரிக் கணக்கு இதற்குப் பொருந்தாது. அந்தச் சூட்டில் கிழட்டுத் தொடை ரப்பர். இதன் இணைப்புத் திசு கரைந்து வழவழப்பாக மாற வேண்டும், அதற்கு உள்ளே 90-ஐத் தாண்டி, நீண்ட நேரம் இருக்க வேண்டும். சாறு என்று நாக்குக்குத் தெரிவது இங்கே அந்த வழவழப்புதான்.

உப்பும் நிறமும் அதேபோல. பிறகு கனமான சட்டியில் ஒன்றரை டம்ளர் தண்ணீரோடு வைத்து, மூடியின் விளிம்பைப் பிரியாணிக்கு தம் போடுவதுபோல கோதுமை மாவால் அடைத்து, 150 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். அடுப்பில் சிறு தீயில் வைப்பதானால் ஏற்காட்டில் அரைமணி நேரமாவது கூடுதலாக வையுங்கள், அங்கே சாறு 95-க்குமேல் சூடேறாது. குக்கரும் இதற்கு மட்டும் சரி.

12. மிச்சம்

சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். சேலத்துக் கோடையில் ஒரு மணி நேரம்தான், 32 டிகிரிக்கு மேலான வெயிலில் கிருமி வேகமாகப் பெருகும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வெட்டாமல் முழுத் துண்டாகவே வையுங்கள். மறுநாள் குளிர்ந்த நிலையில் தாளாக அரியலாம். அதை வாணலியில் போட்டுத் திரும்பச் சூடுபண்ணினால் 70-ஐத் தாண்டிக் காய்ந்துபோகும். கிரேவியை மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்து, தட்டில் பரப்பிய துண்டுகள்மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, சில்லென்ற கறியோடு மெல்லிசாக அரிந்த மாங்காய்த் துண்டை வைத்து அப்படியே கடிக்கலாம்.